ஊசி வலித்தாலும் மறுபடி வருகிறவர்கள்

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு ஊசி என்றால் ஆகவே ஆகாது. 1954இல் ரத்தம் கொடுக்கத் தொடங்கிய அவர், வயது வரம்பு காரணமாக 2018இல் நிறுத்த வேண்டி வந்தவரை ரத்தமும் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவுமாக 1,173 முறை கொடுத்தார். வலக்கையில் 1,163 முறை, இடக்கையில் 10 முறை. ஒரு தடவைகூட ஊசி தோலுக்குள் இறங்குவதை அவர் பார்த்ததில்லை. கூரையைப் பார்ப்பார், செவிலியரிடம் பேச்சுக் கொடுப்பார். பதினான்கு வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தபோது, முகம் தெரியாதவர்களின் ரத்தம்தான் அவரைப் பிழைக்க வைத்தது. வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார். அவருடைய பிளாஸ்மாவில் அரிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்று இருப்பது பிறகுதான் தெரிய வந்தது. தாயின் ரத்தம் ஆர்ஹெச் நெகட்டிவாகவும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களைப் பகையாக எண்ணித் தாக்கக்கூடும். அதைத் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசி மருந்து அந்த எதிர்ப்பொருளைக் கொண்டு தயாராகிறது. அவரால் பிழைத்த குழந்தைகள் ஏறத்தாழ 24 லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய சொந்த மகளும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர். 2025இல், தமது 88ஆவது வயதில் ஹாரிசன் இறந்தார்.

அந்தப் பிளாஸ்மா அபூர்வமானது. ஆனால் அதைக் கொடுக்கச் சொன்ன மனம் அவ்வளவு அபூர்வமானதல்ல. நம் ஊர் ரத்ததான முகாம் எதிலாவது அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். சொட்டு சட்டென்று மூழ்கினால் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்கிறது, கட்டிலுக்குப் போகலாம். மிதந்தால் போதவில்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஊசியிலிருந்து தப்பித்தவர் நிம்மதி அடைய வேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. முகம் வாடுகிறது. “இன்னொரு முறை பாருங்களேன்” என்று கேட்கிறார்கள். காலையில் சாப்பிட்டது போதவில்லையோ என்று காரணம் தேடுகிறார்கள். உள்ளே படுத்து 350 மில்லி கொடுத்துவிட்டு எழுந்தவரோ, பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு “அடுத்து எப்போது வரலாம்?” என்கிறார். ஆண்கள் என்றால் மூன்று மாதம், பெண்கள் என்றால் நான்கு மாதம் பொறுத்திருக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால் வருத்தம், கொடுத்தால் மலர்ச்சி. தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் போகிறவருக்கு இந்த மலர்ச்சி எங்கிருந்து வருகிறது?

கனடாவின் வான்கூவர் நகரில் எலிசபெத் டன், லாரா அக்னின் என்ற இரு உளவியலாளர்கள் மைக்கேல் நார்ட்டனுடன் சேர்ந்து ஓர் எளிய சோதனை செய்தார்கள். 2008இல் அது வெளியானது. காலையில் ஆளுக்கொரு உறையில் 5 டாலரோ 20 டாலரோ வைத்துக் கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் அதைச் செலவழித்துவிட வேண்டும். பாதிப் பேர் தமக்காக, பாதிப் பேர் பிறருக்காக. மாலையில் தொலைபேசியில் விசாரித்தபோது, பிறருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை. இதைவிட என்னைக் கவர்ந்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. எந்தக் கூட்டம் மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று வேறு சில மாணவர்களிடம் கேட்டபோது, தமக்காக 20 டாலர் செலவிட்டவர்கள்தான் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். நம் மனம் எதில் குளிரும் என்பதில் நாமே தப்புக் கணக்குப் போடுகிறோம்.

அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 46 பேர்தான். ஆகவே அதை மட்டும் வைத்து மனித குலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை வலுப்படுத்தின. 136 நாடுகளின் கருத்துக்கணிப்புத் தரவுகளைப் பார்த்தபோது, 120 நாடுகளில் தானம் செய்வதும் வாழ்க்கையில் மனநிறைவும் சேர்ந்தே காணப்பட்டன. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பாகுபாடு அதில் இல்லை. 27 சோதனைகளை, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வும், உதவுவதால் மகிழ்ச்சி கூடுகிறது என்றே சொன்னது. ஆனால் அந்த விளைவு சிறியது முதல் நடுத்தரமானது வரைதான் என்றும் சொன்னது. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் சொல்வது போல, ஒருவருக்குச் சோறு போட்டவுடன் டோபமைன், ஆக்சிடோசின், எண்டார்ஃபின் என்ற உடல் ரசாயனங்கள் அருவியாகக் கொட்டிச் சகல நோயும் தீர்ந்துவிடும் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. நல்ல காரியத்துக்கு ஆதரவாகச் சொல்வதாக இருந்தாலும் பொய் பொய்தான். இந்த விஷயத்துக்கு அந்த மிகைப்படுத்தல் தேவையும் இல்லை.

மூளையில் உண்மையிலேயே பார்க்க முடிந்தது இவ்வளவு. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனிதர்கள் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி நன்கொடை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். தமக்குப் பணம் கிடைக்கும்போது கிளர்ச்சி அடைகிற பகுதிகள், கொடுக்க முடிவெடுக்கும்போதும் கிளர்ச்சி அடைந்தன. அடுத்த ஆண்டு ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களிடம் ஆளுக்கு 100 டாலர் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதி ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகும்படி செய்தார்கள். சில சமயம் அது வரிபோலக் கேட்காமலே பிடிக்கப்பட்டது. சில சமயம் அவர்களாகவே கொடுத்தார்கள். பிடிக்கப்பட்டபோதுகூட, பணம் நல்ல இடத்துக்குப் போகிறது என்பதால் அந்த இன்பப் பகுதிகள் அசைந்தன. ஆனால் தாமாகக் கொடுத்தபோது அந்த அசைவு கூடுதலாக இருந்தது. இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ரத்த வங்கிகளின் கதையே அதில்தான் இருக்கிறது.

இந்த இன்பம் நமக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வழிகாட்டியாக, வேறொரு விதமான ரத்தக் கொடையாளிகளைப் பார்க்கலாம். கோஸ்டா ரிகாவின் வாம்பயர் வௌவால்கள் ரத்தம் மட்டுமே குடித்து வாழ்பவை. இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். பசியோடு திரும்பிய வௌவாலுக்கு, அதே பொந்தில் கூட வாழும் இன்னொரு வௌவால் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது என்று உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் எழுதினார். சொந்தத்துக்கு மட்டுமல்ல, நீண்ட நாள் பழகியதற்கும் ஊட்டுகிறது. இன்று நீ, நாளை நான். ராபர்ட் டிரிவர்ஸ் 1971இலேயே இதற்கான கோட்பாட்டை வகுத்திருந்தார். மனிதக் குழந்தைக்கு இந்தப் பிணைப்பு இன்னும் கூடுதலாகத் தேவை. நடக்கவே ஓராண்டு ஆகும், தானாக உணவு தேடப் பல ஆண்டு ஆகும். பாட்டி, அத்தை, சித்தி, மூத்த பிள்ளை என்று பல கைகள் சேராமல் மனிதக் குழந்தையை வளர்த்திருக்கவே முடியாது என்கிறார் மானிடவியலாளர் சாரா ஹர்டி. அப்படிச் சேர்ந்து வளர்ந்த இனத்தில், கொடுப்பதை இனிப்பாக உணர்ந்தவர்களின் கூட்டம் தழைத்தது.

சரி, ரத்தம் பெறுகிறவர் யாரென்றே தெரியாதபோது, அவர் திருப்பிச் செய்வார் என்ற கணக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. பொருந்தத் தேவையும் இல்லை. பசித்தவன் உடம்புக்கு இத்தனை கலோரி வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சாப்பிடுவதில்லை, ருசிக்கிறது, சாப்பிடுகிறான். உதவியும் அதுபோலத்தான். பரிணாமம் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ருசியை மட்டும் நம்மிடம் தந்திருக்கிறது. அந்த ருசிக்கு உறவினன், அடுத்த வீட்டான், முன்பின் தெரியாதவன் என்ற எல்லை அவ்வளவு கறாராகத் தெரிவதில்லை.

இது வளர்ப்பில் ஊட்டப்பட்ட நல்லொழுக்கம்தானே என்று கேட்பவர்களுக்குக் குழந்தைகளே பதில் சொல்கின்றன. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் துணி காயப்போடுவது போல நடித்து, கிளிப்பைத் தவற விட்டுவிட்டு எட்டாதது போல் கையை நீட்டினார்கள். யாரும் சொல்லாமலே குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்குச் சிறு பிஸ்கெட்டுகள் கொடுத்து, அதில் ஒன்றைக் குரங்குப் பொம்மைக்கு ஊட்டச் சொன்னார்கள் வான்கூவரில். வாங்கும்போது இருந்ததைவிடக் கொடுக்கும்போது குழந்தைகளின் முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும், யாரோ எடுத்துத் தந்த பிஸ்கெட்டை ஊட்டியதைவிடத் தன் கிண்ணத்தில் இருந்ததை எடுத்து ஊட்டியபோது இன்னும் அதிகம். தனக்குக் குறைகிறது என்பது மகிழ்ச்சியைக் குறைக்கவில்லை, கூட்டியது.

இங்கே ஒரு பழைய ஆட்சேபம் எழும். மகிழ்ச்சி கிடைக்கிறது என்றால் அது சுயநலம்தானே? ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் லண்டன் வீதியில் ஒரு முதியவருக்குப் பிச்சையிட்டபோது, உடன் வந்தவர் காரணம் கேட்டாராம். அந்த மனிதரின் நிலையைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்தது, கொடுத்ததில் அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்றாராம் ஹாப்ஸ். அமெரிக்க உளவியலாளர் டேனியல் பாட்சன் இதைச் சோதித்தே பார்த்தார். ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதைப் பார்க்க வைத்து, விரும்பினால் எழுந்து போய்விடலாம், அல்லது அவளுக்குப் பதில் நீங்கள் உட்காரலாம் என்றார். (அதிர்ச்சி நடிப்புதான், பார்ப்பவருக்கு அது தெரியாது.) தன் வேதனை தீர்ந்தால் போதும் என்றிருந்தால் எழுந்து போவதுதான் சுலபம். அவள்மீது உண்மையான பரிவு கொண்டவர்களில் பெரும்பாலோர் எழுந்து போகவில்லை. தாங்கள் உட்கார முன்வந்தார்கள்.

என் எண்ணத்தில், இந்த ஆட்சேபம் முன்னதைப் பின்னதாக மாற்றிப் பார்க்கிறது. அடுத்தவர் பிழைக்க வேண்டும் என்ற விருப்பம் முதலில் இருந்தால்தான், அவர் பிழைத்தார் என்றதும் மகிழ்ச்சி வரும். அவர் எப்படிப் போனால் எனக்கென்ன என்று இருப்பவருக்கு அந்தச் செய்தியில் எந்த இனிப்பும் இருக்காது. கொடுத்தவரின் மகிழ்ச்சியைக் காட்டி அவருடைய அன்பைச் சந்தேகிப்பது அநியாயம்; அந்த அன்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் இந்த மகிழ்ச்சி எப்போதும் தானாக வந்துவிடாது. அதைக் கொல்வதும் சுலபம். நம் நாட்டின் ரத்த வங்கிகளே அதற்கு உதாரணம். ஒரு காலத்தில் இந்தியாவில் ரத்தம் விற்பனைக்குக் கிடைத்தது. வறுமைக்காக அடிக்கடி விற்றவர்களின் உடம்பும் கெட்டது, அந்த ரத்தத்தால் நோய்களும் பரவின. 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. அருமையான தீர்ப்பு. ஆனால் அந்த இடத்தை முழுவதுமாகத் தன்னார்வத் தானம் நிரப்பவில்லை. “ஒரு யூனிட் தருகிறோம், பதிலுக்கு ஒரு டோனரைக் கொண்டு வாருங்கள்” என்ற ஏற்பாடு நுழைந்தது. வராந்தாவில் நிற்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நண்பன், மைத்துனன், அலுவலகத்தில் கூட வேலை செய்பவன் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சுகிறான். மைத்துனன் வருகிறான், கொடுக்கிறான், கடமை தீர்ந்தது என்று போகிறான். அவன் கொடுத்ததும் அதே 350 மில்லிதான். ஆனால் மூன்று மாதம் கழித்து அவன் தானாகத் திரும்பி வருவானா என்பது சந்தேகமே. வற்புறுத்தலில் கொடுத்தவனுக்கு அந்த ருசி தெரியாமலே போய்விட்டது.

மனமுவந்து செய்த உதவியும் கட்டாயத்தில் செய்த உதவியும் செய்தவர் மனத்தில் ஒரே பலனைத் தருவதில்லை என்று நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரையன் ஆகியோர் 2010இல் காட்டினார்கள். தாமாக விரும்பிச் செய்தவர்களுக்குத்தான் உற்சாகம் கூடியது. உதவி பெற்றவரும்கூட, விருப்பத்தோடு வந்த உதவியிலேயே அதிகம் நிறைவடைந்தார். மனமில்லாமல் நீட்டிய கையை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம்.

பணமும் இப்படித்தான் குறுக்கே வரலாம். ரத்தத்தைப் பணத்துக்கு வாங்கும் அமெரிக்க முறையைவிட, இனாமாகக் கொடுக்கும் பிரிட்டிஷ் முறையே மேல் என்று 1970இல் பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ் வாதிட்டார். ஸ்வீடனில் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். பெண்களில் 52 சதவீதம் பேர் ரத்தக் கொடையாளராகச் சேர முன்வந்தார்கள். அதற்கு 50 குரோனா தருகிறோம் என்றதும் அது 30 சதவீதமாகச் சரிந்தது. அந்தப் பணத்தை வேண்டுமானால் ஒரு தொண்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் 53 சதவீதமாக மீண்டது. ஆண்களிடம் இந்தச் சரிவு தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் சிறு தொகைக்குப் பரிசு அட்டை கொடுத்தபோது ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கூடவே செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே பரிசு என்றாலே கேடு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பை, ஒரு தட்டு, ஒரு சான்றிதழ் நன்றியாகப் படலாம். அதுவே விலையாகப் படும்போதுதான் கொடுத்தவருக்குள் ஏதோ சுருங்கிப் போகிறது.

இன்னொரு தேவை, கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிவது. 2013இல் வெளியான ஆய்வில் இரண்டு அமைப்புகளுக்கு நன்கொடை கேட்டார்கள். ஒன்று யுனிசெஃப், குழந்தைகளுக்காகப் பல பணிகள் செய்யும் பேரமைப்பு. மற்றொன்று, 10 டாலருக்கு ஒரு கொசுவலை வாங்கி மலேரியாவிலிருந்து ஒரு குழந்தையைக் காக்கும் சிறு முயற்சி. கொசுவலைக்குக் கொடுத்தவர்களுக்குத்தான் கொடுக்கக் கொடுக்க மகிழ்ச்சி கூடியது. ஸ்வீடனின் ரத்த வங்கிகள் இதை நடைமுறையில் செய்கின்றன. நீங்கள் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் உங்கள் கைபேசிக்குச் செய்தி வருகிறது. பெயர் இல்லை, நோய் இல்லை, பயன்பட்டது என்ற தகவல் மட்டும். நம் ரத்த வங்கிகள் ஒவ்வொன்றும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. யூனிட் ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, கொடுத்தவரின் கைபேசி எண்ணும் படிவத்தில் இருக்கிறது. தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம். ஆகவே கொடுத்த சூடு ஆறுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். செலவு ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவுதான்.

போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்காமல் கொடுப்பதில் உள்ள ஆபத்தைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்ற திருப்தியோடு பலர் உறங்கியிருப்பார்கள். சாலையோரங்களில் அந்தத் துணிகள் குவியல் குவியலாகச் சீந்துவாரற்றுக் கிடந்தன. முந்தின வாரம் வரை சொந்தப் படகில் உழைத்துச் சாப்பிட்ட மீனவர்கள், யாரோ உடுத்திக் கழித்ததை எடுக்கக் கூச்சப்பட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வலை, படகு, எஞ்சின். கொடுப்பதன் இன்பம் பெறுகிறவரைப் பார்க்க மறந்தால் இப்படித்தான் தடம் புரளும். அந்த இன்பத்தின் மீது எனக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறதோ, அவ்வளவு அச்சமும் இருக்கிறது.

உதவுவது எல்லோருக்கும் இன்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொடுமை. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு ஆண்டுக்கணக்கில் எல்லாம் செய்யும் மருமகளிடம் போய், சேவையில் ஆனந்தம் காண் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, நடுவில் இறக்கி வைக்கவும் முடியாது. பிறர் வலியை அப்படியே தன் வலியாக வாங்கிக்கொள்வது ஆளைத் தேய்த்துவிடும். அவர் நலம்பெற வேண்டும் என்ற கனிவு வேறு, அது தெம்பு தரும் என்று டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கனிவைப் பயிற்சியால் வளர்க்கவும் முடிகிறது. ஆனால் அந்த மருமகளுக்கு முதலில் தேவை பயிற்சி அல்ல, மாற்று ஆள். வாரத்தில் ஒரு பகல் பொழுதை வேறொருவர் ஏற்றுக்கொள்வது.

அந்த மாற்று ஆளைக் கேட்க நாம் கூசுகிறோம் என்பதுதான் பெரும்பாடு. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஃபிராங்க் ஃபிளின், வனேசா லேக் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் படிவம் நிரப்பித் தரக் கேட்டு மாணவர்களை அனுப்பினார்கள். ஐந்து பேர் ஒப்புக்கொள்ள இருபது பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்கள் நினைத்தார்கள். பத்துப் பேரே போதுமானதாக இருந்தது. உதவுகிறவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியையும் கேட்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஷுவான் ஜாவோ, நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2022இல் எழுதினார்கள். நமக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்கும்போது அந்தக் குரலில் இருப்பது சம்பிரதாயம் மட்டுமல்ல. தனக்கு வர வேண்டிய ஒன்று வராமல் போன ஏமாற்றமும் அதில் இருக்கிறது.

கேட்கலாம். முடியாது என்று சொல்லவும் இடம்விட்டுக் கேட்க வேண்டும். ரத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறவர்கள் ரத்த வகை, மருத்துவமனை, அழைக்க வேண்டிய எண் மூன்றையும் எழுதிவிட்டுத் தேதியை விட்டுவிடுகிறார்கள். அந்தச் செய்தி மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறது. வேலையை விட்டுவிட்டு அழைக்கிற முன்பின் தெரியாதவருக்கு, அது போன மாதமே முடிந்துவிட்டதே என்ற பதில் கிடைக்கிறது. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை அவர் அழைக்க மாட்டார். எந்த நாள், எத்தனை மணிக்குள் தேவை என்று எழுதுங்கள். கிடைத்ததும் அதே குழுவில் ‘கிடைத்துவிட்டது, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கொடுத்தவர் அதற்காகத்தான் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.